கேட்டபின் கையெழுத்து!

பதினெட்டுப் படிகள்! நம் அலுவலக மாடிக்கு வர ஏறவேண்டிய படிகள் அவ்வளவுதான். சென்ற வாரம் அந்தப் படிகளில் ஏறி வந்தார் ஒரு பழைய தோழர். மூன்று இடத்தில் நின்றார். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு குனிந்தார். மேலே வந்து நாற்காலியில் அமர்ந்த பின்னும் ஐந்து நிமிடம் அவரால் பேச இயலவில்லை. தண்ணீர் கொடுத்தோம், வேண்டாமென்று கையசைத்தார். தண்ணீரா அவருக்குத் தேவை? காற்று! ஏழைக்கும் பணக்காரனுக்கும் விலையில்லாமல் கிடைப்பது என்கிறார்களே, அந்தக் காற்று!

ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்று முழக்கமிட்டவர் அவர். கூட்டத்தில் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டால், "கூப்பிடு அவரை" என்பார்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும் அந்தக் குரல். இன்று ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு முறை அறுந்து போகிறது.

முப்பத்தோராண்டு நூற்பாலையில் உழைத்தவர். புளோரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசிக்கு நடுவே நின்றவர். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். மறுநாள் சரியாகிவிடும் என்று சகித்துக்கொண்டவர். போதாக்குறைக்குப் பீடி. தூசியும் புகையும் கூட்டாளிகளாகி அவருடைய நுரையீரலைப் பங்கு போட்டுக்கொண்டன. சி.ஓ.பி.டி. என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூச்சுக் குழாய் சுருங்கி, காற்றறைகள் சிதைந்து, உள்ளே போன காற்று வெளியே வரத் திணறுகிற நோய். வந்துவிட்டுப் போகும் விருந்தாளியன்று, வந்தால் குடியேறிவிடும். தணிக்க மருந்து உண்டு. இழந்த நுரையீரலைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை இல்லை.

மூச்சு சற்று அமைதியானதும் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நம் மேசைமீது வைத்தார். இருபத்திரண்டு பக்கங்கள்.

"தம்பி, ஆஸ்பத்திரியிலே புது மருந்து ஒண்ணைச் சோதிச்சுப் பாக்கறாங்களாம். சேர்ந்துக்கறீங்களான்னு டாக்டர் கேக்கறாருங்க. வர்ற செவ்வாய்க்கிழமை சொல்லோணும். மருமகன் ஆகவே ஆகாதுங்கறார். என்ற ஷிப்டுக் கூட்டாளி, யோசிக்காம சேருங்கறான். நீங்க நாலெழுத்துப் படிச்சவங்க. சொல்லுங்க, கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?"

"மருமகன் என்ன சொல்கிறார்?" என்று கேட்டோம்.

"எலிக்குப் போடற மருந்தை உங்களுக்குப் போட்டுப் பாக்கறாங்க, மாமாங்கறார்."

"நண்பர்?"

"மருந்தும் சும்மா, டெஸ்ட்டும் சும்மா, பஸ் செலவுக்குக் காசும் தர்றாங்க, எவன் தருவான் இந்தக் காலத்திலேங்கறான்."

"அவர்கள் இருவரும் இந்த இருபத்திரண்டு பக்கத்தைப் படித்தார்களா, ஐயா?"

பெரியவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறிற்று. அவரும் படிக்கவில்லை!

இதுதான் நம்மை எழுதத் தூண்டிற்று. சந்தைக்கு மாடு வாங்கப் போகிறோம். பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நாலு தப்படி நடக்கவிட்டுப் பார்க்கிறோம். மண்சட்டி வாங்கினால்கூடத் தட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. உடலை ஒப்படைக்கிற காகிதத்தை மட்டும் படிக்காமலே "போடு" என்பதா? படிக்காமலே "போடாதே" என்பதா?

மருமகனின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். அந்த அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், 1932 முதல் 1972 வரை, நாற்பதாண்டுக் காலம் ஒரு கொடுமை நடந்தது. ஏறத்தாழ அறுநூறு கறுப்பின ஆண்கள். பெரும்பாலோர் பிறர் நிலத்தில் பாடுபட்ட ஏழைகள். அவர்களில் 399 பேருக்கு மேகநோய். 'கெட்ட ரத்தம்' என்று சொல்லி அழைத்துப் போனார்கள். என்ன நோய் என்பதை மறைத்தார்கள். பெனிசிலின் வந்தபிறகும் அதைத் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை! அது நுரையீரல் நோயன்று. ஆனால் பாடம் எல்லா நோய்க்கும் பொது: கேட்க நாதியற்றவன் என்று கருதப்படுகிறவனிடம்தான் கேட்காமல் செய்வார்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? இந்திய நாட்டிலேயே, 2005 முதல் 2012 வரை, 475 புது மருந்துகளின் சோதனையில் இருந்தவர்களில் 2,644 பேர் மாண்டனர் என்று மத்திய சர்க்காரே 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிற்று. மற்றவர்கள் நோயால் இறந்தார்கள், 80 பேர் மட்டுமே சோதனையால் இறந்தார்கள் என்பது சர்க்கார் தந்த விளக்கம். மட்டும்! எண்பது குடும்பத்தில் போய்ச் சொல்லட்டும் அந்த 'மட்டும்' என்ற சொல்லை!

ஆகவே மருமகன் அஞ்சுவதில் தவறில்லை. அச்சத்தோடு நின்றுவிடுவதுதான் தவறு. ஏனெனில் இன்னொரு வரலாறும் உண்டு. அது நம் சென்னையிலேயே எழுதப்பட்டது.

காசநோய் என்றாலே மரண ஓலை என்றிருந்த காலம். ஓராண்டு, ஈராண்டு சானடோரியத்தில் படுத்திருக்கவேண்டும். பாலும் முட்டையும் உண்ணவேண்டும். நல்ல காற்று வாங்கவேண்டும் என்றார்கள். தாம்பரத்தில் ரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்ட அந்தச் சானடோரியத்தில் எத்தனை கட்டிலைப் போட முடியும்? கூலிக்காரன் ஓராண்டு படுத்துவிட்டால் அவன் வீட்டு உலை கொதிப்பது எப்படி? 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசிய ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கு. மறுபகுதியினர் தங்கள் வீட்டுக்கே. இருவருக்கும் அதே மருந்து, ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, தாதிமார் கவனிப்பு. குடிசைக்குப் போனவர்களுக்கோ பழைய சோறு, பழைய நெரிசல். முடிவு என்ன? குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை! வீட்டில் இருந்தவர்களுக்கும் தொற்று அதிகமாகப் பரவிவிடவில்லை. 1959-ல் அந்த முடிவு வெளிவந்தது. காசநோய்க்கு மருத்துவம் செய்யும் முறையையே உலகம் மாற்றிக்கொண்டது. இன்று காசநோயாளி வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டுப் பிழைக்கிறானே, அதற்கு அடித்தளமிட்டவர்களில் அந்த 193 சென்னை ஏழைகளும் அடங்குவர். அவர்களுக்குச் சிலை இல்லை. அவர்கள் செய்ததோ சிலைக்குரிய காரியம்.

"அது சரி, குலுக்கிப் போடுவானேன்? நல்ல மருந்து எது என்று டாக்டருக்குத் தெரியாதா?" என்று கேட்கலாம். தெரியாது, தோழர்களே! தெரியும் என்று நம்பி உயிரைப் பறித்ததும் உண்டு. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய் ஒன்றுக்கு, பிரெட்னிசோன், அசதியோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் அதைக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 77 பேருக்கு அந்த மருந்துகள்; 78 பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. நடுவிலே கணக்குப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேர் மாண்டிருந்தனர். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவர்! 2011-ல் அந்த மருந்தை உடனே நிறுத்தினார்கள். சோதனை நடந்திராவிட்டால், 'சிறந்த சிகிச்சை' என்ற பெயரிலேயே இன்னும் எத்தனை பேரைச் சுடுகாட்டுக்கு அனுப்பியிருப்பார்களோ!

சீட்டுக் குலுக்கலில் குலுக்குகிறவனுக்கு வேண்டியவன் வேண்டாதவன் என்பது கிடையாதல்லவா? அதே நியாயம்தான் இங்கும். முதலாளிக்குப் புது மருந்து, தொழிலாளிக்குப் போலி மாத்திரை என்று டாக்டரே நினைத்தாலும் பிரிக்க முடியாது. ஆனால், தோழர் ஒன்றைத் தெளிவாக அறியவேண்டும்: சோதனையில் சேர்வது வேறு, சிகிச்சை பெறுவது வேறு. சிகிச்சையில் டாக்டர் அவருக்கென்று மருந்து தேர்ந்தெடுக்கிறார். சோதனையில் குலுக்கல் தேர்ந்தெடுக்கிறது. அவருக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், பின்னால் வருகிற நோயாளிக்குக் கிடைக்கலாம். இதை மறைத்து, "சேர்ந்தால் குணமாகிவிடும்" என்று யாராவது சொன்னால், அவர் டாக்டரல்ல, தரகர்!

நீதிமன்றப் படியேறி வாதாடியவர்கள் இருந்ததால், 2019-ல் புது மருந்துகள் பற்றிய விதிகள் வந்தன. அதன்படி நோயாளிக்கு விளங்கும் மொழியிலே எல்லாவற்றையும் சொல்லவேண்டும். காகிதத்தின் படி ஒன்றை அவர் கையில் கொடுக்கவேண்டும். படிக்கத் தெரியாதவராயின், தொடர்பில்லாத ஒரு சாட்சி அருகிலிருக்கவேண்டும். சோதனையை அனுமதிக்கும் அறநெறிக் குழுவில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவராக இருக்கவேண்டும். சோதனையால் கேடு விளைந்தால் மருத்துவம் இலவசம், நட்டஈடும் உண்டு. எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே, விலகி வரலாம்; விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. இவை யாரோ இட்ட பிச்சையல்ல, உரிமை!

ஏட்டிலே இருக்கிற உரிமை வீட்டுக்கு வரவேண்டுமானால் வாய் திறந்து கேட்கவேண்டும். அந்த இருபத்திரண்டு பக்கத்தையும் பெரியவரோடு உட்கார்ந்து, ஒருநாள் மாலை முழுதும், வரிவரியாகப் படித்தோம். படித்து முடித்ததும், டாக்டரிடம் கேட்கவேண்டியவற்றை அவரே சொல்ல, நாம் எழுதினோம்.

இப்போது இழுக்கிற இன்ஹேலரை நிறுத்தச் சொல்வீர்களா, அதற்கு மேலே புது மருந்தைத் தருவீர்களா? நிறுத்துவதானால் எத்தனை நாள்? அந்த நாட்களில் நள்ளிரவில் மூச்சு முட்டினால் யாரை அழைப்பது, எந்த எண்ணில்?

இந்த மருந்து இதற்குமுன் எத்தனை மனிதருக்குத் தரப்பட்டது? அவர்களுக்கு என்ன நேர்ந்தது?

மருந்து எந்தக் கம்பெனியுடையது? இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் எந்த எண்ணில் பதிந்திருக்கிறது? (2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம். எண் இல்லாத சோதனை, எண் இல்லாத வண்டி மாதிரி, ஏறக்கூடாது. சோதனையில் சேரப் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடவேண்டும்.)

எத்தனை முறை வரவேண்டும்? ஓய்வு பெற்றபின் காவலாளி வேலை பார்க்கிறேன். போகிற கூலிக்கு என்ன வழி?

சோதனை முடிந்தபின், மருந்து எனக்கு நல்லது செய்திருந்தால், தொடர்ந்து கிடைக்குமா? (இந்தக் கேள்வி முக்கியம். வேறு மருந்தே இல்லாத நோயாக இருந்தால்தான், மருந்தால் பலன் கண்டவருக்கு அதை இலவசமாகத் தொடர விதியில் வழி இருக்கிறது. சி.ஓ.பி.டி.க்கு வேறு மருந்துகள் இருப்பதால், கிடைக்காமலே போகலாம். அது தெரிந்தே சேரவேண்டும்.)

எழுதி முடித்தபின் பெரியவர் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனையும் கேட்டா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாருங்களா, தம்பி?"

முப்பத்தோராண்டு, மேஸ்திரி முகம் சுளித்தால் என்ன ஆகுமோ என்று நின்ற உடல் அல்லவா! அந்தப் பயம் நுரையீரலைவிட ஆழத்தில் தங்கிவிட்டது. "நல்ல டாக்டர் மகிழ்வார், ஐயா. கோபித்துக்கொள்கிறவராயின், பதில் கிடைத்துவிட்டது என்று திரும்பி வந்துவிடலாம்" என்றோம்.

"அப்போ, சேரட்டுமா, வேண்டாமா?"

சொல்ல மறுத்துவிட்டோம். மூச்சு அவருடையது. திணறுகிறவர் அவர். அவருக்காக நாம் முடிவு செய்தால், மருமகனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? "சேருகிறேன்" என்று அவர் சொன்னால், ஏமாந்த எலியாகப் போகவில்லை, எதிர்காலத்துக்கு ஒரு கை கொடுக்கும் மனிதனாகப் போகிறார் என்று வாழ்த்துவோம். "வேண்டாம்" என்றாலும், கோழை என்று கூறமாட்டோம்; கணக்குப் பார்த்து மறுத்தவர் என்போம். படிப்பகத்தில் நாளேட்டை எழுத்துக் கூட்டிப் படித்தே கையெழுத்துக் கற்றவர் அவர். அந்தக் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அறியாமல் போட்டால் அது வெறும் மை. அறிந்து போட்டால்தான் கையெழுத்து.

தோழர்களே! ஆலைப் பகுதியிலும், கல்குவாரிப் பகுதியிலும், பீடி சுற்றும் தெருக்களிலும் இத்தகைய பெரியவர்கள் எத்தனையோ பேர் இருமிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடமும் ஒருநாள் இப்படியொரு காகிதம் நீட்டப்படலாம். ஒவ்வொரு படிப்பகத்திலும் இரண்டு இளைஞர்கள் முன்வரவேண்டும். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக உரக்கப் படித்துக் காட்டவேண்டும். புரியாத இடத்தில் கோடிடவேண்டும். அழைத்தால் மருத்துவமனைக்கு உடன் போகவேண்டும். சேர் என்றும் சொல்லவேண்டாம். சேராதே என்றும் சொல்லவேண்டாம். படித்துக் காட்டினால் போதும்.

செவ்வாய்க்கிழமை பெரியவரோடு நாமும் போகிறோம். கேள்வித்தாள் அவர் சட்டைப்பையில் இருக்கும். கேட்கப்போகிறவர் அவர். இடையிடையே மூச்சு அறுந்தால் என்ன? காத்திருக்கட்டும் டாக்டரும் கம்பெனியும். அவர் கேட்டு முடிக்கும்வரை!