பக்கச் சுவரின் பாசி



வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ரமளான் நெருங்கும் நாட்களில், நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு முன்வாசலுக்கு வர்ணம் பூசப்படுகிறது. சந்துப் பக்கச் சுவரில் படர்ந்திருக்கும் பச்சைப் பாசியை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. நோன்பு திறக்க வரும் விருந்தினர் கண்ணில் அது படாது. அண்டை வீட்டார் கண்ணிலோ அன்றாடம் படும்.

சென்ற ஆண்டு எங்கள் சந்தில் அண்டை வீட்டு மூதாட்டி வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு பிசகியது. நலம் விசாரிக்கச் சென்றபோது, "பாய், உங்க தொட்டித் தண்ணி தினமும் எங்க பக்கந்தான் வழியுது" என்றார். அவர் குரலில் கோபமில்லை. பாதையில் இடர் தருவதை அகற்றுதல் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்னும் நபிமொழியை அன்று காலைதான் மதரஸாவில் மாணவர்களுக்கு விளக்கியிருந்தேன்.

பாசிக்கு வேண்டியவை ஈரமும் நிழலும். மழைக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்வதால் வடக்குச் சுவர் எளிதில் காய்வதில்லை. அதன்மேல் தொட்டி நீரும் வழிந்தால், எத்தனை முறை தேய்த்தாலும் பாசி மீண்டும் வரும். பாசியின் மேலேயே வர்ணம் பூசுவோரும் உளர்; அந்த வர்ணம் விரைவில் உரிந்துவிடும். எனவே முதலில் நிறுத்த வேண்டியது கசிவைத்தான்.

சுத்தம் செய்யும் முறை கடினமன்று. பத்து லிட்டர் நீரில் ஏறத்தாழ 100 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரைச் சுவரில் தடவிக் கால் மணி நேரம் கழித்துத் தேங்காய்நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவலாம். சுவர் நன்கு காய்ந்த பிறகே வர்ணம் பூச வேண்டும். சிலர் விரைவாக வேலை முடியட்டும் என்று கழிவறைக்கான ஆசிடையும் இதனுடன் கலக்கிறார்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். கூலிக்கு வந்தவர் அதைச் சுவாசிக்க நாம் திண்ணையில் அமர்ந்திருப்பது எவ்வகை நியாயம்? அவருக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கித் தருவது நம் பொறுப்பு.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அண்டை வீட்டாரின் செடிகளிலோ கிணற்றடியிலோ அது பாய்ந்தால், ஒரு தீங்கை அகற்ற மற்றொன்றை அவர் வாசலில் வைத்தவர்களாவோம். முன்கூட்டியே அவரிடம் சொல்லி, செடிகளை நன்னீரால் நனைத்து, வடிநீரைச் சாக்கடைக்குத் திருப்ப வேண்டும். அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் இந்த ஹக்கு குறைவதில்லை.

தொட்டி நிறைந்ததும் தானே நீரை நிறுத்தும் மிதவை வால்வு ஒன்றைப் பொருத்தினேன். சுவரைத் தேய்த்ததோடு சந்தின் தரையையும் தேய்த்துக் கழுவினோம். வர்ணத்துக்கு வைத்திருந்த பணம் அதில் செலவாகிவிட்டது. அந்தப் பெருநாளில் எங்கள் முன்வாசல் பழைய நிறத்திலேயே இருந்தது.