தீவில் இருந்தவர்களைக் கேட்டார்களா?

கதைகளில் வரும் மர்மத் தீவுகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. தேசப்படத்தில் அந்தத் தீவு இராது. கிழட்டு மாலுமி ஒருவனிடமிருந்து கந்தலாகிப்போன படம் ஒன்று கைக்கு வரும். கப்பல் புறப்படும். கடலிலே மூடுபனி கவியும். பனி விலகினால் மணலும் தென்னையும், அதற்கப்பால் காடு, காட்டுக்குள்ளே பாசி படர்ந்த படிகள், படிகளின் உச்சியில் ஒரு பழங்கோயில். எங்கிருந்தோ பறை முழங்கும். தீவின் மக்கள் பந்தம் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். கப்பலில் வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "இதைக் கட்டியவர் யாரோ!" என்று பெருமூச்சு விடுவார்கள். அதன் பிறகு ஓட்டமும் துப்பாக்கியும்தான்.

நண்பர்களே, இந்தக் கதை நமக்குக் கசப்பதில்லை. எனக்கும் கசப்பதில்லை. விடுதியிலே ஞாயிற்றுக்கிழமை இரவு இப்படி ஒரு படம் ஓடினால், தட்டில் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்போம். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. "கட்டியவர் யாரோ" என்று கப்பலில் வந்தவர் வியக்கிறாரே, பக்கத்திலே பந்தம் பிடித்து நிற்கிறானே அந்தத் தீவுக்காரன், அவனை ஒரு வார்த்தை கேட்டாரா?

1933ஆம் ஆண்டில் வந்த 'கிங் காங்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக்கெல்லாம் மூத்த அண்ணன் அதுதான். சுமத்திராவுக்கு மேற்கே, நம்முடைய இந்துமாக்கடலிலே, மண்டையோட்டுத் தீவு என்று ஒன்றைக் கற்பனை செய்தார்கள். தீவின் குறுக்கே வானளாவிய பழஞ்சுவர். படம் எடுக்கப் போகும் டென்ஹாம் என்பவர் கப்பலிலேயே, தீவு கண்ணில் படுவதற்கு முன்பே, தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: அங்கே இருப்பவர்கள் தாழ்ந்து போனவர்கள்; சுவரைக் கட்டிய உயர்ந்த நாகரிகத்தை மறந்து போனவர்கள். இன்னும் ஒரு தீவுக்காரன் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை! அவர்கள் எதை மறந்தார்கள் என்பது மட்டும் இவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கப்பல் தலைவருக்கு அந்த மக்களின் பேச்சு விளங்குகிறது. சுமத்திராவை அடுத்த நியாஸ் தீவின் மொழிபோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவர்களோடு பேசவும் செய்கிறார். பேசி என்ன கேட்டார்? பொன்னிறத் தலைமுடிப் பெண்ணுக்கு என்ன விலை தருவாய், தரமாட்டாய் என்ற பேரந்தான் நடக்கிறது. சுவரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மொழி தெரியாமல் கேட்காதிருந்தால் மன்னிக்கலாம். தெரிந்திருந்தும் கேட்கத் தோன்றவில்லை. கதையை எழுதியவர்களுக்கே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, கம்போடியாவின் அங்கோர் இதைவிடப் பெரிது, அதைக் கட்டியவரையும் எவரும் அறியார் என்று ஒரு பேச்சு வேறு வருகிறது. படம் வந்த 1933இல் அங்கோரின் கல்வெட்டுக்கள் பலவற்றைப் பிரெஞ்சு அறிஞர்கள் படித்து அச்சிட்டே விட்டார்கள். அங்கோர் வாட் கோயிலை எழுப்பியவன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இரண்டாம் சூரியவர்மன். அந்தக் கல்வெட்டுக்களின் எழுத்தோ பல்லவர் எழுத்தின் வழியில் பிறந்தது. மாமல்லபுரத்து எழுத்துக்குப் பங்காளி முறை. எவரும் அறியார் என்றால், ஆலிவுட்டில் எவரும் அறியார் என்று திருத்திக்கொள்ள வேண்டும். படத்தில் காட்டிய அந்த 'ஆதிகாலச்' சுவரின் வயதையும் சொல்லிவிடுகிறேன்: இயேசுவின் வரலாற்றை வைத்து 1927இல் வந்த வேறொரு படத்துக்காகப் போட்ட அரங்கமைப்பைத்தான் மாற்றிப் பூசி நிறுத்தினார்கள். ஆறே வயது!

"கதைக்குக் கால் ஏது? படத்தைப் படமாகப் பார்க்கக் கூடாதா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கதை கதையாகவே இருந்துவிட்டால் எனக்கும் வழக்கு இல்லை. அது அப்படி இருப்பதில்லையே! கற்பனைத் தீவிலே பழகிய கண், உண்மைத் தீவுக்குப் போனாலும் அதையே தேடுகிறது. இதற்குச் சான்று பசிபிக் கடலில் இருக்கிறது.

பசிபிக் கடலின் நடுவே, இன்று மைக்ரோனேசியக் கூட்டாட்சி நாடு என்று வழங்கும் தீவுக் கூட்டத்தில், பொன்பே என்பது ஒரு தீவு. மழையும் மலையும் காடும் மிகுந்த ஊர். அதன் தென்கிழக்குக் கரையோரம், ஆழமில்லாத கடலிலே, ஏறத்தாழ நூறு செயற்கைத் தீவுத்திட்டுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே கால்வாய்கள். இந்த நீர்நகரத்துக்கு நன் மடோல் என்று பெயர். அங்குள்ளவர் மொழியில் 'இடைவெளிகளில்' என்று பொருள். சுவர்கள் எல்லாம் கருங்கல் தூண்கள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது தானாகவே வெடித்து, பட்டை பட்டையாக நீண்ட தூண்களாகப் பிரியும் கல் அது. அந்தத் தூண்களை நம் ஊரில் விறகு அடுக்குவது போலக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அரசர்களைப் புதைத்த நந்தவாஸ் என்னும் திட்டின் சுவர் 25 அடி உயரம் வரை நிற்கிறது. 1200ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி, 300 ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை நடந்திருக்கிறது. கற்களைத் தீவின் மறுபக்கத்திலிருந்தெல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள். எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பது இன்றும் ஆராய்ச்சிக்குரிய கேள்வி. யார் கொண்டுவந்தார்கள் என்பது கேள்வியே அன்று.

ஏனெனில் பொன்பே மக்கள் அதை ஒருநாளும் மறக்கவில்லை. ஒலிசீப்பா, ஒலொசோப்பா என்று இரண்டு உடன்பிறந்தார் மேற்கிலிருந்து ஓடத்தில் வந்தார்களாம். உழவுக்குரிய தெய்வத்துக்கு ஒரு பலிபீடம் அமைக்க இடம் தேடினார்களாம். ஓரிடத்தில் கட்டினால் நிலைக்கவில்லை, மற்றோரிடத்திலும் நிலைக்கவில்லை, கடைசியில் இந்தக் கரையிலே அமைந்தது. அவர்கள் வழியில் சௌதெலூர் என்ற பட்டத்தோடு அரசர்கள் வந்தார்கள். தீவின் தலைவர்களையெல்லாம் ஊரில் விட்டு வைக்காமல், தங்கள் கண்ணெதிரில் இருக்குமாறு இந்த நீர்நகரத்திலே குடியமர்த்தினார்கள். திட்டுக்களிலே நல்ல தண்ணீர் கிடையாது, விளைச்சலும் கிடையாது. சோறும் நீரும் பெருந்தீவிலிருந்து ஓடத்தில் வந்தாக வேண்டும். கொடுத்துக் கொடுத்துக் குடிகள் நொந்தார்கள். சௌதெலூர்களில் ஒருவன் மந்திரத்தால் நாட்டில் கொழுத்தவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்துத் தின்றான் என்றுகூட ஒரு கதை வழங்குகிறது. வரி வாங்குகிறவனைக் குடிமக்கள் எப்படி நினைவில் வைப்பார்கள் என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்!

இதேத் என்னும் திட்டிலே ஒரு புனித விலாங்கு மீன் இருந்ததாம். கடல் ஆமையைச் சமைத்து, அதன் ஒரு பகுதியை அந்த விலாங்குக்கு ஊட்டுவது பூசாரிகளின் சடங்கு. இறுதியில் இசோகெலெக்கல் என்ற வீரன் 333 பேரோடு கடல் கடந்து வந்து, கடைசிச் சௌதெலூரை வென்றான். அது 1628ஐ ஒட்டி நடந்ததென்று கணிக்கிறார்கள். அதன்பின் வந்த நன்மவார்கி என்னும் தலைமைப் பட்டம் இன்றும் பொன்பேயில் இருக்கிறது. கோயில் உண்டு, கொடுங்கோலன் உண்டு, கடல் கடந்து வரும் வீரன் உண்டு, புனித விலாங்கு உண்டு. இதைவிட நல்ல சாகசக் கதையை எந்தப் பட முதலாளி எழுதிவிடப் போகிறார்?

இத்தனையும் இருக்க, வெளியிலிருந்து வந்த எழுத்தாளர்கள் செய்தது என்ன? 1918இல் மெரிட் என்ற அமெரிக்கர் இந்த இடிபாட்டையே களமாக வைத்து 'நிலாக் குளம்' என்ற பொருள்படும் கதை எழுதினார். கட்டியவர் எவரோ ஒரு மறைந்த இனம். கீழே பாதாள உலகம். கதைதானே, போகட்டும். 1926இல் ஜேம்ஸ் சர்ச்வர்டு என்பவர் அதைக் கதை என்றுகூடச் சொல்லவில்லை. வரலாறு என்றே நூல் எழுதினார். பசிபிக்கில் மூ என்ற கண்டம் ஒன்று மூழ்கிப்போயிற்றாம். நன் மடோல் அதன் நகரங்களில் ஒன்றாம். ஒரு வரியிலே பொன்பே மக்களின் பாட்டன் சொத்து பறிபோயிற்று! வீட்டுக்காரன் வாசலில் நிற்கும்போதே, "இந்த வீடு யாருடையதோ, பாவம், அவர்கள் எங்கோ மறைந்துபோனார்கள்" என்று தெருவில் போகிறவன் பட்டா எழுதுவது போன்ற வேலை இது.

சர்ச்வர்டை நாம் சிரித்துத் தள்ளுவதற்கு முன்னால் நம் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலெமூரியா என்ற பெயரை 1864இல் தந்தவர் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலார். நம் தேவாங்குக்கு உறவான இலெமூர் என்னும் விலங்கின் எலும்பும் இனமும் மடகாசுகரிலும் இந்தியாவிலும் எப்படி வந்தன என்று விளக்க, இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியது என்று அவர் ஊகித்தார். நிலப்பகுதிகளே நகர்கின்றன என்று பின்னர் அறிவியல் நிறுவியதும் அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. சிலப்பதிகாரம் சொல்லும் கடல்கோள் வேறு. இந்த விலங்கியலாரின் கண்டம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி மேடையில் முழங்கும்போது, வெள்ளைக்காரரின் மர்மக் கதையைக் கடன் வாங்கி நம் பழமைக்கு வேலி போடுகிறோம். கடனில்லாத செல்வம் நம்மிடம் நிறைய இருக்கும்போது இது எதற்கு? இதைச் சொன்னால் மன்றத்தில் சில நண்பர்கள் என்னோடு இரண்டு நாள் பேசமாட்டார்கள். பரவாயில்லை.

'கண்டுபிடித்தார்' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சாவகத்தின் போரோபுதூரை 1814இல் ராபில்ஸ் கண்டுபிடித்தார் என்று பாடப்புத்தகம் எழுதுகிறது. காட்டுக்குள்ளே பெரிய பழங்கட்டடம் ஒன்று இருக்கிறது என்று அவருக்குச் சொன்னவர்கள் அந்தத் தீவின் மக்கள். அவர் கொர்னேலியுஸ் என்ற பொறியாளரை அனுப்ப, அவர் ஊர் ஆட்களை வைத்து மரத்தை வெட்டி மண்ணை அகற்றினார். அதற்கு முன்பே 18ஆம் நூற்றாண்டுச் சாவக வரலாற்று ஏடுகளில் அந்தக் குன்றின் பெயர் வருகிறது. ராபில்ஸ் செய்தது சிறிய காரியமல்ல. அவர் அக்கறை எடுக்காவிட்டால் உலகுக்குத் தெரியப் பல காலம் ஆகியிருக்கும். அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் வழி காட்டியவனுக்கும் மரம் வெட்டியவனுக்கும் அந்த வரியில் இடமில்லை. நம் நாட்டு அஜந்தாவுக்கு வாருங்கள். 1819இல் புலி வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற படை அதிகாரி, பத்தாம் குகையின் ஓவியத் தூணில் தம் பெயரையும் தேதியையும் கீறிவிட்டுப் போனார். அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது. அவரை அந்த மலைச்சரிவுக்கு அழைத்துப் போனவர் எவரும் தூணில் பெயர் கீறவில்லை.

காலம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2017இல் அதே மண்டையோட்டுத் தீவுக்கு மறுபடி ஒரு படக் கப்பல் போயிற்று. இந்த முறை தீவு மக்கள் நல்லவர்கள்; அமைதியானவர்கள். அதனால் என்ன? படம் முடியும்வரை அவர்களில் ஒருவரும் வாய் திறப்பதில்லை! அவர்கள் சார்பில் பேசுவதற்கு, அங்கே மாட்டிக்கொண்ட அமெரிக்க விமானி ஒருவர் இருக்கிறார். 1933இல் கூச்சலாவது போட்டார்கள். 84 ஆண்டு முன்னேற்றம் அந்தக் கூச்சலையும் பறித்துக்கொண்டது.

இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் மன்ற இதழுக்கும் தீவுக் கதைகள் வருகின்றன, ஆர்வத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் கதைத்தலைவன் பெயர் எழிலனாகவோ கதிரவனாகவோ இருந்தாலும், அவன் நிற்பது டென்ஹாமின் கப்பல் தளத்தில்தான். கையில் தொலைநோக்கி, வாயில் "யாரோ கட்டிய கோயில்". தமிழ்ப் பெயர் சூட்டிவிட்டால் பார்வை தமிழாகிவிடுமா? தொலைநோக்கியின் மறுமுனையிலே நின்ற மக்கள் அல்லவா நாம்? நம் கோயில்களையும் வழி தெரியாத கப்பற்காரர்கள் கடலிலிருந்து பார்த்து ஏதேதோ பெயர் வைத்தார்கள். மாமல்லபுரத்துக்கு 'ஏழு கோபுரம்' என்று பெயரிட்டு, மீதி ஆறும் கடலுக்குள் போய்விட்டன என்று கதை கட்டிய காலம் உண்டு.

பொன்பேயில் லூவலன் பெர்னார்ட் என்று ஒருவர் இருந்தார். 1866இல் பிறந்து 1946இல் மறைந்தவர். தம் தீவின் பழங்கதைகளையும் அரசர் வரலாற்றையும் 1934 முதல் தம் தாய்மொழியிலேயே, தம் கையாலேயே எழுதி வைத்தார். வெளிநாட்டார் எவரும் கேட்டு எழுதியது அன்று அது. அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1977இல் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சில் வந்தது. ஒலிசீப்பாவும் சௌதெலூரும் இசோகெலெக்கலும் அதிலே இருக்கிறார்கள். நன் மடோலை 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலிலும் சேர்த்தார்கள். கால்வாய்களில் வண்டல் சேர்ந்து, அலையாத்தி மரங்கள் மண்டி, வேர்கள் சுவர்களைப் பிளக்கின்றன. அதைக் காப்பதற்கு உலகத்தார் கைகொடுக்க வேண்டும் என்றால், அது மூ கண்டத்தாரின் வீடு என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பொன்பே மக்களோடு எப்படிக் கூடிப் பேசுவார்கள்?

அடுத்த இதழுக்குத் தீவுக் கதை எழுத உட்காரும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். கோயில் இருக்கட்டும், மூடுபனி இருக்கட்டும், பாசிப் படியும் இருக்கட்டும். பந்தம் பிடித்து நிற்கிறானே, அவனுக்கு ஒரு பெயர் வையுங்கள். எழிலன் அவனிடம் போய், "ஐயா, இதைக் கட்டியது யார்?" என்று கேட்கட்டும். அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதை எழுத நான்கு பக்கம் கூடுதலாக வேண்டுமென்றால், ஆசிரியர் குழுவிடம் நான் வாதாடி வாங்கித் தருகிறேன்.