‘பொறுப்புள்ள சுற்றுலா’ யாருடைய பிள்ளைகளைக் காக்கிறது?



மதுரையில் மீனாட்சி கோயிலைப் பார்த்துவிட்டுக் கன்னியாகுமரிக்கு, சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு, கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு என்று கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டி வருடம் முழுக்க வேன்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பயணிகளை நம்பித்தான் சாலையோர ஓட்டல்களும் டீக்கடைகளும் லாட்ஜுகளும் நடக்கின்றன. இந்த வியாபாரத்தில் குழந்தைகளின் பாதுகாப்பு யார் பொறுப்பு என்று கேட்டால், ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

சட்டம் அப்படிக் கைகாட்ட இடம் கொடுக்கவில்லை. 14 வயதுக்குட்பட்டவர்களை ஓட்டல், தாபா, டீக்கடை, ரிசார்ட் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் குற்றம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 20ஆம் பிரிவில், ஓட்டலையும் லாட்ஜையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குழந்தையைப் பாலியல்ரீதியாகச் சுரண்டும் படமோ பொருளோ கண்ணில் பட்டால் அங்கு வேலை செய்பவர்கள் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. பாதுகாப்பான, கண்ணியமான சுற்றுலாவுக்கென்று 2010இல் ஒன்றிய சுற்றுலா அமைச்சகமும் நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. நட்சத்திர ஓட்டல்களின் உறுதிமொழிப் பத்திரத்தைத் தாண்டி அது நம்மூர் நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுரண்டல் எப்போதும் இருட்டில் ஒளிந்து வருவதில்லை, தர்மம் செய்கிறேன் என்றும் வரும். கோவாவின் மட்காவில் சிறுவர் இல்லம் நடத்திய ஃபிரெடி பீட்ஸ் 1991இல் கைதாகி, 1996இல் ஆயுள் தண்டனை பெற்றார். மும்பையில் ‘ஆங்கரேஜ்’ காப்பகங்களை வைத்துச் சிறுவர்களைச் சீரழித்த பிரிட்டிஷ்காரர்கள் இருவரின் தண்டனையை 2011இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ வந்தவர்கள் என்ற பெயரே அவர்களுக்குக் கேடயமாக இருந்தது. இதிலிருந்து பாடம் கற்ற கோவா, 2003இல் தனிச்சட்டம் போட்டது. குடும்பத்தாரோடு பதிவு செய்யப்படாத குழந்தையை ஓட்டல் அறைக்குள் விடக்கூடாது, விட்டால் உரிமையாளரும் மேலாளரும் பொறுப்பு என்கிறது அந்தச் சட்டம். கோயில் நகரங்களும் கடற்கரைகளும் மலைவாசத் தலங்களும் நிறைந்த தமிழ்நாட்டுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும்.

யாருடைய பிள்ளைகள் இதில் சிக்குகிறார்கள்? சுரண்டுகிறவன் ஆள் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறான். கேட்க நாதியில்லை என்று அவன் நினைக்கும் பிள்ளை, புகார் கொடுக்கப் போனால் காவல் நிலைய வாசலிலேயே நிறுத்தி வைக்கப்படும் குடும்பத்தின் பிள்ளை. சாதியைப் பேசாமல் குழந்தைப் பாதுகாப்பைப் பேசுவது பாதி உண்மைதான்.

அரசும் இதில் சும்மா இருக்கவில்லை. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் ‘உதவலாம்’ என்று வாசல் திறந்துவிட்டது. பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித்தான் இந்த மண் எதிர்த்தது, மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. இன்று அதே சரக்கு வேறு பொட்டலத்தில் வருகிறது. தள்ளுவண்டியில் தட்டுக் கழுவும் பிள்ளையை ‘குடும்பத்துக்கு உதவுகிறான்’ என்று சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

“பையனை நிறுத்திவிட்டால் அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும்?” என்று முதலாளிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெற்றோருக்கு வேலையில்லாமல் பிள்ளையை மட்டும் மீட்டால், அவன் இன்னும் மோசமான இடத்துக்குத்தான் போவான். ஆனால் பதில் அந்த முதலாளி கையிலேயே இருக்கிறது. அந்த வேலையைப் பிள்ளையின் தாய்க்கோ தகப்பனுக்கோ முழுக் கூலியோடு கொடுக்கட்டும். அறை எடுப்பவர் குழந்தையோடு வந்தால் அடையாள அட்டையையும் உறவையும் சரிபார்க்கட்டும். 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைக்கட்டும். தப்பைக் கண்டு சொன்ன ஊழியரை வேலையைவிட்டுத் துரத்தாமல் இருக்கட்டும். பொறுப்புள்ள சுற்றுலா என்பது இவ்வளவுதான். இதற்கு விருதும் சான்றிதழும் தேவையில்லை.

களத்துக்கு வரும் மாணவத் தோழர்களுக்கு மூன்று விஷயங்கள். நீங்களே போய்ச் சோதனை நடத்தாதீர்கள், 1098க்கோ மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் படத்தையோ பெயரையோ ஊரையோ பதிவிடாதீர்கள், அது சட்டப்படி குற்றம், அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது காயம். பிள்ளை பட்டியல் சாதி, குற்றவாளி அப்படியில்லை என்றால், முதல் தகவல் அறிக்கையில் போக்சோவோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருக்கிறதா என்று வாங்கிப் படித்துப் பாருங்கள். சேர்க்கவில்லை என்றால் சேர்க்கும்வரை விடாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு யாருடைய இரக்கமும் வேண்டாம். சட்டத்தில் எழுதியிருப்பது நடந்தால் போதும்.