தண்ணீர் குடிக்கச் சொல்லுமுன்



வட்ஸ்அப்பில் தினமும் பெண்களுக்கு ஆரோக்கியக் குறிப்பு வருகிறது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். சரி. குடித்துவிட்டு எங்கே போவது?

காலை 7.30 முதல் 1.30 வரை ஒரு மிடறும் குடிக்காத குமர்ப் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆசிரியைகள் நாங்களும் அப்படித்தான். டொய்லட்டை உள்ளே பூட்டக் கொண்டி இல்லை. வாளியில் தண்ணீர் இல்லை. நப்கின் போட ஒரு கூடை இல்லை. அந்த நாட்களில் சில பிள்ளைகள் பாடசாலைக்கே வருவதில்லை.

பெண்களுக்குச் சிறுநீர் வழி நீளம் குறைவு, கிருமி இலகுவில் ஏறும். தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால் எரிவு, காய்ச்சல். கவனிக்காமல் விட்டால் கிட்னி வரை போகும்.

2024இல் அரசாங்கம் தெரிவுசெய்த பாடசாலைகளின் மாணவிகளுக்கு நப்கின் வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தது. நல்ல விஷயம். மாற்றுவதற்கு இடம் யார் கொடுப்பது?

பாடசாலைக்கு நுழைவாயில் கட்ட ஊரே வசூல் செய்தோம். விளையாட்டுப் போட்டிக்கு டீசேர்ட் அடித்தோம். ஒரு கொண்டி போடுவதென்றால் மட்டும் 'அதிபர் பார்த்துக்கொள்வார்' என்கிறோம். வுழூவின் சட்டம் படிப்பிக்கிறோம், பைப்பில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதில்லை.

உம்மாமாரே, அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாப்பாவை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள். மண்டபத்துக்குள் வருமுன் பெண் பிள்ளைகளின் டொய்லட்டைத் திறந்து பாருங்கள். கூட்டத்தில் அதைத்தான் முதலில் பேச வேண்டும்.