ஆளில்லா விமானத்துக்கும் ஆள் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், பொலிஸுக்குப் பெரிய ட்ரோன் ஒன்று இருந்தா கஞ்சாப் படகெல்லாம் பிடிக்கலாந்தானே? ஆளில்லாததால செலவும் குறைவுதானே?"

சீனக்குடா விமானத்தளத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகள், இப்படிக் கேட்கத்தான் செய்வார்கள். பெரியவர்களும் இதையே பேசுவதால் பதிலை இங்கேயும் எழுதுகிறேன்.

"ஆளில்லா" என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. விமானத்துக்குள் ஆள் இல்லை, அவ்வளவுதான். எம்கியூ-9 போன்ற பெரிய ட்ரோனுக்குத் தரையில் ஓட்டுபவர் வேண்டும், கமராவைப் பார்ப்பவர் வேண்டும், பழுது பார்ப்பவர்கள் வேண்டும். ஓடுபாதையும் செய்மதித் தொடர்பும் வேண்டும். நாள் முழுக்கப் பறந்தால் முறைமாற்றி ஆட்கள் வேண்டும்.

அமெரிக்காவின் சுங்க, எல்லைப் பாதுகாப்புப் பிரிவு இந்த வகை ட்ரோனை 2005 முதல் பறக்க விடுகிறது. ஒரு மணித்தியாலத்துக்கு 2,468 டொலர் என்று கணக்குச் சொன்னது. 2014 டிசம்பரில் அவர்களுடைய மேற்பார்வை அலுவலகமே எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது 12,255 டொலர் வந்தது. விடுபட்டிருந்தவற்றில் விமானிகளின் செலவும் ஒன்று! ஆளில்லா விமானத்தின் கணக்கில் மறந்து போனது ஆளைத்தான்.

பக்கத்து இந்தியாவைப் பாருங்கள். 2020இல் குத்தகைக்கு எடுத்து அரக்கோணத்திலிருந்து பறக்க விட்ட இரண்டில் ஒன்று, 2024 செப்டெம்பரில் சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அடுத்த மாதம் 31 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அதுவும் முப்படைக்குத்தான், பொலிஸுக்கு அல்ல.

ஆழ்கடலை மணிக்கணக்காகக் கண்காணிக்க அது நல்ல கருவி, மறுக்கவில்லை. அந்த வேலை விமானப்படைக்கும் கடற்படைக்கும் உரியது. பொலிஸுக்குத் தகவல் கிடைத்தால் போதும். ஒரு சிறிய நாட்டில் பொலிஸுக்கென்று இன்னொரு விமானப்படை எதற்கு?

எங்களுக்கு என்ன தேவை? 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆறு பேரை அன்று இழந்தோம். வானத்தில் எத்தனை கமரா இருந்திருந்தாலும் அந்தப் பிள்ளைகள் கரை சேர்ந்திருக்க மாட்டார்கள். தேவைப்பட்டது பாலம், உயிர்காப்பு அங்கி, "இதில் ஏற்றாதே" என்று சொல்ல ஓர் அதிகாரி. கடந்த 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தில் ஆட்களைத் தூக்கியது ஹெலிகொப்டரும் படகும். ட்ரோனால் பார்க்க முடியும், கை கொடுக்க முடியாது.

களப்பில் காணாமல் போனவரைத் தேட, வெள்ளத்தில் கூரையில் நிற்பவரைக் கண்டுபிடிக்க, பொலிஸ் நிலையத்துக்கு ஒரு சிறிய ட்ரோன் போதும். பக்கத்தில் ஓடத் தயாராக ஒரு படகும் இருக்கட்டும்.

இன்னொன்று. கொவிட் காலத்தில் கொழும்பில் தனிமைப்படுத்தலை மீறியவர்களைப் பிடிக்க ட்ரோன் பறந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் வீடுகள் சோதனையிடப்பட்ட விதமும் யாருக்கும் மறந்திருக்காது. எடுத்த படம் யாரிடம் இருக்கும், எத்தனை நாளில் அழிப்பார்கள், தவறாகப் பயன்படுத்தினால் யாரிடம் முறையிடுவது? சிறியதோ பெரியதோ, வாங்கும் முன்பே இவற்றுக்குச் சட்டத்தில் பதில் வேண்டும்.

மாணவனிடம் கடைசியாக இதைத்தான் சொன்னேன்: "மகன், மேலே பறக்கிறதுக்கு விலை கேட்கிற நேரம், கீழே நிக்கிற ஆட்களையும் எண்ணிப் பாரு."

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். குறிஞ்சாக்கேணிப் பிள்ளைகளுக்காக ஒரு துஆவும் கேளுங்கள்.