எழுதாமல் விடச் சொல்லும் கோடு

'புரதப் பரிசோதனையில் தெரியும் மெல்லிய கோட்டை அறிக்கையில் எழுதத் தேவையில்லை. எழுதினால் ஏழைச் சனம் பயந்து கொழும்புக்கு அலையும்' என்று வைத்தியர் ஒருவர் வாதிடுகிறார். அதற்குத் தலைமன்னார் மீனவரையே உதாரணமும் காட்டுகிறார்.

50 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 3 பேரளவில் இப்படிக் கோடாகத் தெரியும் ஒற்றைப் புரதம் இருக்கும் என்பதும், அவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவரளவில்தான் மைலோமா என்ற எலும்பு மச்சைப் புற்றுநோய் போன்ற நோய்க்குப் போவார்கள் என்பதும் உண்மை. மாயோ கிளினிக்கில் ரொபேர்ட் கைல் பல்லாண்டு பார்த்துச் சொன்ன கணக்கு அது. ஆனால் சுகமாயிருப்பவரைத் தேடிப்பிடித்துச் சோதிக்காதே என்பது வேறு, வருத்தத்தோடு வந்தவரின் இரத்தத்தில் கண்டதை மறை என்பது வேறு. முதலாவதற்குரிய கணக்கை இரண்டாவதற்குக் காட்டுவது ஏமாற்று.

இரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் எலெக்ட்ரோபொரேசிஸ் ஜெல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு முனையில் அல்புமின் தடித்துக் கிடக்கும். மறுமுனையில் காமாப் பகுதி புகைபோலப் பரவியிருக்கும். அந்தப் புகைக்குள் பென்சிலால் இழுத்தது போல ஒரு கோடு. ஏஎல் அமிலோய்டோசிஸில் கோடு பெரும்பாலும் இப்படித்தான் மெலிந்திருக்கும், சிலவேளை தெரியவும் தெரியாது. ஆனால் அந்தப் புரதத்தின் கூறுகளான லைட் செயின்கள் இருதயத் தசையில் படிந்து அதை விறைக்க வைத்துவிடும். போயம்ஸ் நோயிலும் கோடு சிறிது; கால் மரத்துத் தொடங்கி, நடையே போய்விடும். வலை இழுக்கிறவர் 'கால் மரக்குது டொக்டர்' என்றால் சலரோகம் என்று எழுதிவிடுகிறோம். சீனி அளவு சரியாக இருந்தால் என்ன எழுதுவார் இவர்?

இந்தப் புரதத்தைக் கண்டுபிடிக்கச் சிறுநீரில் பட்டி தோய்த்தால் போதும் என்றும் அந்த வைத்தியர் சொல்கிறார். அந்தப் பட்டி காட்டுவது பெரும்பாலும் அல்புமினைத்தான். லைட் செயின் அதற்குத் தப்பிவிடும். 1840களில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் சிறுநீரைச் சூடாக்கிக் கண்ட புரதம் அது. இதையா ஒரு வைத்தியருக்கு நான் சொல்லித்தர வேண்டும்?

தூரமும் வெறும் சாட்டு. கொழும்புக்குப் போக வேண்டியது நோயாளி அல்ல, ஒரு குழாய் இரத்தம். பயம் என்றால், 'இப்ப ஒன்றும் செய்யத் தேவையில்லை ஐயா, ஆறு மாதத்தில் திரும்ப எடுத்துப் பார்ப்பம்' என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கவா கோட்டை அழிக்கச் சொல்கிறார்?

காரணம் பிடிபடாத கால் மரப்பு, நுரைக்கும் சிறுநீர், இளைப்பு என்று வருகிறவருக்கு எலெக்ட்ரோபொரேசிஸ், இம்யூனோபிக்ஸேஷன், ஃப்ரீ லைட் செயின் மூன்றையும் கேளுங்கள். கோடு தெரிந்தால், எவ்வளவு மெல்லியதானாலும், எழுதுங்கள்.