குதிரைக்கு அருகே

அசோக் நகரில் நமது வீட்டு மாடியில் குடியிருக்கும் அம்மாள் சென்ற மாதம் நம்மிடம் ஒரு யோசனை கேட்டார். காலஞ்சென்ற கணவர் மெல்லிசைக் கச்சேரிகளில் வாசித்துவந்த பேஸ் கிதாரை விற்றுவிடலாமா என்பதே கேள்வி. காரணம், அவருடைய பிள்ளையாண்டான். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு கௌபாய் நாடகமாம். அதற்குப் பழைய இத்தாலியக் குதிரைவீரர் படங்களில் கேட்கும் கிதார் நாதம் வேண்டுமாம்.

"இந்தத் தடிக் கம்பியில் அது வராது, ஸார். இதைக் கொடுத்துவிட்டுப் பாரிடோன் கிதார்தான் வாங்க வேண்டும்" என்றான் பையன்.

விற்ற வாத்தியம் திரும்பி வராது. ஆகவே, விலை பேசுமுன் விஷயத்தைச் சற்று ஆராய்வோம் என்று அவனை உட்காரவைத்தோம்.

1964-ல் ஸெர்ஜியோ லியோனே எடுத்த "எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்" படத்துக்கு எண்ணியோ மோரிகோனே சங்கீதம் அமைத்தார். சாட்டையடி, சீழ்க்கை, மணியோசை இவற்றுக்கு நடுவே ஒரு மின்கிதார்! வெயிலே ஒலியாகி வந்ததுபோல் இருந்தது அது. நம் ஊரிலும் 1972-ல் கர்ணனின் "கங்கா"வில் ஜெய்சங்கர் குதிரையேறினார். 2010-ல் சிம்புதேவனின் "இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்" வந்தது. பையனின் ஆசை நமக்குப் புதிதல்ல.

கிதாரின் அடிக் கம்பி விநாடிக்குச் சுமார் 82 தடவை அதிர்கிறது, பாரிடோனில் சாதாரணமாக 62, பேஸில் 41. பையன் கட்சியில் இவ்வளவு நியாயம் உண்டு. ஆனால், பேஸின் மெல்லிய கம்பி 98 தடவை அதிர்கிறதே! அதையே பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் 196. கிதாரின் கீழ்க் கம்பிகள் பாடும் ஸ்வரங்களெல்லாம் பேஸின் மேல் மெட்டுக்களில் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

அடுத்தது, மீட்டும் இடம். வீணையில் கம்பியைத் தாங்குவதற்குக் குதிரை என்று பெயர். கிதாரிலும் அந்தக் குதிரையை ஒட்டிப் பிக்கினால் மீட்டினால், நடுக்கம்பியின் கொழகொழப்பு நீங்கி, வெட்டென்ற ஓசை பிறக்கும். குதிரைவீரர் சங்கீதம் குதிரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது! உள்ளங்கை விளிம்பைக் கம்பியின்மேல் லேசாக வைத்தால் குளம்படிச் சத்தமும் கிடைக்கும்.

பிறகு ஒலிபெருக்கிப் பெட்டி. அடிநாதத்தைக் குறைத்து, மேல்நாதத்தைக் கூட்டவேண்டும். இல்லாவிட்டால் எதிரொலி சேரும்போது எல்லாம் சேறாகிவிடும். ஸ்பிரிங் ரிவெர்ப் தாராளமாக. ட்ரெமலோ விநாடிக்கு ஐந்தாறு அசைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஸ்வரம் வாசித்தால் அது அடங்கும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். பையனுக்குக் கஷ்டமாக இருந்தது இது ஒன்றுதான்.

பாரிடோனுக்கு முற்றும் ஈடாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். அதன் பளபளப்பு வேறு. ஆனால், இரண்டு வாரத்தில் பாலைவனம் வந்துவிட்டது. வாசற்படியில் நின்று கேட்ட அம்மாள், "அவர் வாசித்த மாதிரி இல்லை, ஆனாலும் அவர் வாத்தியந்தான்" என்றார். விற்பனைப் பேச்சு அத்துடன் நின்றது.

இப்போது தினந்தோறும் மாலை ஆறு மணிக்கு நமது தலைக்கு மேலே குதிரைகள் ஓடுகின்றன. யோசனை சொன்னவர் நாமே. யாரிடம் போய் முறையிடுவது?